நீல மீன் குடியிருந்த மாடிப்படி

வில்லிவாக்கத்துக்கும் கொளத்தூருக்கும் நடுவே, ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தில், ஒரு வியாழக்கிழமை காலை, எல்லோரும் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கிற நேரத்தில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேதாசலத்தின் வீட்டு மீன் தொட்டியில் இருந்த நீல மீன் வெளியே வந்து மாடிப்படியில் குடியேறியது. தொட்டி உடையவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. தண்ணீரில் எப்படி நீந்துமோ அதே மாதிரி காற்றில் நீந்தி, கூடத்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து, முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையே படி திரும்புகிற இடத்தில், மீட்டர் பெட்டிக்கு மேலே போய் நின்றுகொண்டது.

"சார், உங்க மீன் வெளிய நிக்குது" என்று இரண்டாம் மாடி ஹேமாவதி குரல் கொடுத்தாள், யாருடைய ஸ்கூட்டரோ வழியை மறித்து நிற்பதைச் சொல்லுகிற மாதிரி.

"நின்னா என்ன? உங்களை என்ன பண்ணுது?" என்றார் வேதாசலம் உள்ளேயிருந்து.

அவர் கேட்டு முடிப்பதற்குள் அது அவளுடைய இடது புருவத்தைக் கடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

அது ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ஏரியிலிருந்து வந்த ஜாதி. கடையில் சிக்லிட் என்பார்கள். உள்ளங்கை நீளம், மை பாட்டிலுக்குள் முக்கி எடுத்த நீலம், பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள், எப்போதும் எதையோ மென்று துப்பத் தயாராக இருக்கிற வாய். தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற வேதாசலம் அதை வாங்கி வந்த நாளிலேயே, கூட எதை விடலாம், எதை விடக்கூடாது என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். "என் வீட்ல எதை எதோட விடணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தவர், நீள வால் தங்க மீன்களை விட்டார். ஒரே பகலில் வால்கள் போயின. கப்பி மீன்களை விட்டார். அவை இருந்த அடையாளமே இல்லை. கடைசியில், தன்னைப் போலவே இன்னொன்று இருந்தால் சேர்ந்துகொள்ளும் என்று அதே நிறத்தில், அதே ஜாதியில் இன்னொரு மீனை விட்டார். அதைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட மோசமாகக் கிழித்துப் போட்டது. செத்த மீன்களையெல்லாம் அவர் மனைவி கோமளவல்லி டீ வடிகட்டியில் அள்ளிக் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தாள். அதன் பிறகு அந்த நீல மீன் எட்டு மாதம் தனியாக இருந்தது. கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையே காலை முதல் மாலை வரை முட்டிக்கொண்டிருந்தது.

மீன் எப்படிக் காற்றில் நீந்துகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அது யார் பொறுப்பு என்பதைத்தான் கேட்டோம். மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். பொது இடத்தில் இருக்கிற மீன் வளர்ப்புப் பிராணியா, இல்லையா என்று வேதாசலம் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வாசித்தார். நாய் பற்றி இருந்தது, பூனை பற்றி இருந்தது, மாடிப்படியில் கோலம் போடுவது பற்றிக்கூட இருந்தது. மீன் பற்றி இல்லை. "இல்லாததுக்கு நான் எப்படி நடவடிக்கை எடுக்க முடியும்?" என்றார். மறுநாள் காலை மீட்டர் பெட்டிக்கு எதிரே ஒரு தாள் ஒட்டியிருந்தது: மாடிப்படியில் நீலம் அணிந்து வர வேண்டாம், ஓட வேண்டாம், மீட்டர் பெட்டி அருகே நிற்க வேண்டாம், இப்படிக்குச் செயலாளர்.

எங்களுக்கு அது பழகிவிட்டது. நீலப் பாவாடை போட்டுப் பள்ளிக்குப் போகிற ஹேமாவதியின் மகள் அம்மாவின் பழைய துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். இரண்டாம் மாடியில் இன்னொரு வீட்டில் இருந்த இன்சூரன்ஸ் சந்தானகிருஷ்ணன் சாப்பாட்டுத் தட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஏறினார். தண்ணீர் கேன் போடுகிறவர் தரைத்தளத்தோடு நின்றுகொண்டார், சிலிண்டர்காரர் கேட்டோடு நின்றுகொண்டார், உறவுக்காரர்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். மீன் எந்தப் படிவரைக்கும் துரத்தும், எந்தப் படியில் விட்டுவிட்டுத் திரும்பும் என்று எங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்து நாங்களும் எங்கள் எல்லைகளைத் தெரிந்துகொண்டோம்: இந்தப் படி வரைக்கும் என் செருப்பு அலமாரி, அந்தச் சுவர் வரைக்கும் உன் பூந்தொட்டி, தாண்டினால் பார். ஒரு விரற்கடை தள்ளி வைத்த துடைப்பத்துக்காகச் சந்தானகிருஷ்ணனும் ஹேமாவதியும் நான்கு நாள் கத்திக்கொண்டார்கள். கீழே வலது பக்க வீட்டில் இருக்கிற நான், பள்ளியில் புவியியல் நடத்துகிற சம்பந்தம், என் ஜன்னலுக்கு முன்னால் சைக்கிள் நிறுத்தியவனுடைய டயர் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

மீன் இடத்துக்குத் தகுந்தபடி வளர்ந்தது. தொட்டியில் உள்ளங்கை நீளம் இருந்தது மாடிப்படியில் முறத்தளவு ஆகிவிட்டது. அது யாரையும் விட்டுவைக்கவில்லை, வேதாசலத்தைத் தவிர. அவர் மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நீலச் சட்டையே போட்டுக்கொண்டு, ஏறுவார், இறங்குவார். மீன் விலகி வழிவிடும். அதற்குப் பிறகு கூட்டங்களில் அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசவில்லை.

இந்த நிலைமையில்தான் மூன்றாம் மாடியில், மஸ்கட்டில் இருக்கிறவருடைய வாடகை வீடு காலியானது. "புதுசா யாரு வந்தாலும் மீனுக்கு ஒத்துப்போகணும். இல்லைன்னா நமக்குத்தான் தொல்லை" என்றார் வேதாசலம். நாங்கள் தலையாட்டினோம். வீடு பார்க்க வருகிறவர்களை வரிசையாகப் படி ஏற விட்டுக் கீழே நின்று பார்த்தோம். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் முந்தானை தரையில் இழைய மெதுவாக ஏறினாள். முந்தானையைக் கிழித்து அனுப்பியது. கட்டுமஸ்தான ஒரு பையன் நீல ஜீன்ஸில் வந்தான், ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரு வாத்தியக்காரர், ஒரு கைக்குழந்தைக்காரி, குரல் உயர்த்திப் பேசாத ஒரு வயதான தம்பதி. ஒவ்வொருவரும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு போகும்போது நாங்கள் வருத்தப்படுகிற முகத்தோடு கேட்டைத் திறந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், மீன் வேண்டாம் என்று சொன்ன ஆட்கள் எங்களுக்கும் வேண்டாதவர்களாகத்தான் இருந்தார்கள். நாங்கள் வாயால் கேட்கக் கூச்சப்படுகிற கேள்விகளை அது பல்லால் கேட்டது.

ஏழாவதாக வந்தவள் இசக்கியம்மாள்.

கொளத்தூரில் வண்ண மீன் கடை ஒன்றில் தொட்டி பார்க்கிறவள். திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தெட்டு வயது இருக்கும். பக்கத்தில் பதினோரு வயது மகள் உலகு. பதினான்கு வீடுகளில் இல்லை என்று கேட்டுவிட்டு வந்தவள். இருந்த வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவள் படி ஏறினாள், மீன் வந்தது, நெற்றியில் அடித்தது. நாங்கள் கேட்டைத் திறக்கத் தயாரானோம். அவள் இறங்கவில்லை. புறங்கையால் ரத்தத்தை வழித்துவிட்டு, அடுத்த படியில் கால் வைத்தாள். மீண்டும் அடித்தது. இன்னும் ஒரு படி. மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேரும்போது அவள் முகத்தில் ஐந்து இடத்தில் ரத்தம் வந்தது. மகளை முந்தானைக்குள் வைத்து மூடியிருந்ததால் அந்தக் குழந்தை மேல் ஒரு கீறலும் இல்லை.

"எவ்வளவு நாளா தனியா இருக்கு இது?" என்று மேலிருந்து கேட்டாள்.

"உங்களுக்கு இங்க ஒத்துவராதும்மா" என்றார் வேதாசலம் கீழிருந்து.

"நான் கேட்டது அது இல்ல அண்ணாச்சி. எவ்வளவு நாளா தனியா இருக்குன்னு கேட்டேன்."

"எட்டு மாசம் தொட்டியில. அதுக்கப்புறம் இங்க அஞ்சு மாசம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னது கோமளவல்லி. அவள் குரலை நாங்கள் அநேகமாக அன்றுதான் கேட்டோம்.

அன்று மாலையே மொட்டை மாடியில் கூட்டம். இசக்கியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே உட்கார வைத்தோம். ஊர் எது என்று கேட்டோம், சொன்னாள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டோம், சொன்னாள். எந்தத் தெரு என்று சந்தானகிருஷ்ணன் கேட்டார், சும்மா தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிற மாதிரி.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மீனு பரவாயில்ல அண்ணாச்சி. அது நேரா வந்து கடிக்கி."

அவளே தொடர்ந்தாள். "மஸ்கட் வீட்டுக்காரர் சாவி குடுத்துட்டாரு. நான் வரத்தான் போறேன். அந்த மீனுக்கு ஒரு வழி சொல்லுதேன், கேக்கிறதும் கேக்காததும் உங்க இஷ்டம். பழைய தொட்டியில புது மீனு விடணும்னா, மொதல்ல உள்ள இருக்கிற கல்லு, சட்டி, மரக்கட்டை எல்லாத்தையும் எடம் மாத்தணும். ஒரு கல்லு பழைய எடத்துல இருக்கக்கூடாது. எது தன்னோட எடம்னு அதுக்கே தெரியாமப் போகணும். அப்பதான் சண்டை ஓயும்."

"எங்க சாமானை நாங்க ஏன் மாத்தணும்?" என்றாள் ஹேமாவதி. ஆனால் அவள் கை அவளை அறியாமல் தழும்பு விழுந்த புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போன பெண்ணின் அம்மா அவள். கடைசியில் எல்லோருமே சரி என்றோம். முதலில் மீன் போகட்டும், பிறகு இவளை அனுப்பிக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் மொட்டை மாடிக்கு வந்ததும் மீன் குளிர்காய மேலே போகிற நேரம் பார்த்து, ஆரம்பித்தோம். செருப்பு அலமாரிகளை மாடி மாற்றி வைத்தோம், பூந்தொட்டிகளை மாற்றினோம், சைக்கிள்களையும் துடைப்பங்களையும் பழைய செய்தித்தாள் கட்டுகளையும் மாற்றினோம், வாசல் மிதியடிகளையும், பிள்ளையார் படத்தையும், கதவுகளில் இருந்த பெயர்ப் பலகைகளையும்கூடக் கழற்றி மாற்றினோம். மீட்டர் பெட்டியைச் சுற்றி ஒரு பழைய பீரோவையும் மூன்று ஜாடிகளையும் நிறுத்தினோம். தன் பெயர்ப் பலகையைக் கழற்ற வேதாசலம் சம்மதிக்கவில்லை. கோமளவல்லி ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றி இசக்கியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பத்தரை மணிக்கு மீன் இறங்கி வந்தது. மூன்றாம் மாடியில் ஹேமாவதியின் அலமாரியைப் பார்த்து நின்றது. இரண்டாம் மாடியில் என்னுடைய சைக்கிளைப் பார்த்து நின்றது. மீட்டர் பெட்டி இருந்த இடத்துக்கு வந்து, பீரோவை முட்டி, ஜாடியை முட்டி, திரும்பி, மறுபடி முட்டி, தன் இடம் எங்கே என்று தெரியாமல் மேலும் கீழும் ஏழெட்டு தடவை அலைந்தது. பிறகு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்த வேதாசலத்தின் நேரே போய் அவர் காது மடலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது.

அவர் அலறிய அலறலில் ரயில் பாதையோரக் காக்கைகள் கிளம்பின. கோமளவல்லி கதவருகே வந்து பார்த்தாள். கையில் தோசைத் திருப்பி இருந்தது. "இன்னிக்குத்தான் அதுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் தோசை கருகுகிறது என்று போய்விட்டாள்.

மீனின் உக்கிரம் அன்றோடு பாதியாகிவிட்டது. அதற்கு இடம் இல்லை, அதனால் எல்லையும் இல்லை. யாரை எதற்காகத் துரத்துவது என்று தெரியாமல் சுற்றி வந்தது. ஆனால் எங்களுக்கும் இடம் இல்லாமல் போய்விட்டது. இடம் மாற்றிய சாமான்களைத் திருப்பி வைக்க ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்தவரிடமிருந்து ஒரு சாண் கூடுதலாகக் கிடைத்திருந்தது. ஹேமாவதி என் பூந்தொட்டியை உடைத்தாள். நான் சந்தானகிருஷ்ணனின் மிதியடியைத் தெருவில் எறிந்தேன். அவர் யாரோ ஒருவருடைய பெயர்ப் பலகையைச் சாக்கடையில் போட்டார், அது அவருடையதாகவே இருந்தது. வெறுப்பதற்கு இத்தனை பேர் இருந்ததில் எங்களுக்கு மூச்சு வாங்கியது. ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் வசதியாக ஒரு ஆளைக் கண்டுபிடித்தோம்.

"எல்லாம் இவ வந்ததுக்கு அப்புறம்தான்" என்றார் வேதாசலம், காதில் கட்டோடு.

அந்த ஞாயிறே மகளோடு குடிவந்துவிட்ட இசக்கியின் வாசலில் குப்பை கொட்டினார்கள். உலகு படியில் இறங்கும்போது, "இந்தப் பக்கம் தொடாம போ" என்று சொன்னார்கள். குழந்தை சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, பிடிமானம் இல்லாமல் இறங்கியது. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் போகிற வால்வு என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. அதை மூடியது நான்தான். யாரும் என்னை மூடச் சொல்லவில்லை. இசக்கி வேலையிலிருந்து வந்து, குடத்தோடு என் ஜன்னலுக்கு வெளியே நின்று, வால்வையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார் பாடம் சொல்லிக் குடுக்கிறவுகதானே?"

"ஆமா."

"புள்ள ரெண்டு நாளா குளிக்கல சார். பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்கார மாட்டேங்காளுக."

நான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தின பிறகும் அவள் அங்கேயே நின்றிருந்தது கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து வால்வு திருகுகிற சத்தம் கேட்டது. அவள் திறந்தாள். அவள் போனதும் நான் மறுபடி மூடினேன். இப்படி ஒன்பது நாள் நடந்தது.

பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். இரண்டு ஷேர் ஆட்டோக்களும் சாமான் ஏற்றுகிற ஒரு குட்டி யானை வண்டியும் எங்கள் கேட்டில் வந்து நின்றன. அதிலிருந்து இசக்கியின் அக்கா முப்பிடாதி இறங்கினாள், அவள் புருஷன் இறங்கினான், அவர்களுடைய மூன்று பிள்ளைகள், அக்காவின் மாமியார், கடையில் இசக்கியோடு தொட்டி பார்க்கிற இரண்டு பெண்கள், அந்தப் பெண்களில் ஒருத்தியின் தம்பி. ஒன்பது பேர், இசக்கியையும் உலகையும் சேர்த்தால் பதினொன்று. பாய், பக்கெட், குக்கர், மிக்ஸி, மின்விசிறி, பூவோடு ஒரு செம்பருத்திச் செடி.

"என்ன இது? என்ன அராஜகம் இது?" என்று வேதாசலம் படியிலேயே குறுக்கே நின்றார்.

"ஒத்தையா விட்டா குதறிப் போட்டுரும் அண்ணாச்சி" என்றாள் இசக்கி, தலையில் பாய்க் கட்டோடு. "புது மீனை மொத்தமா விடணும். அதுதான் ரெண்டாவது வழி. நான் அன்னிக்கு ஒண்ணுதான் சொன்னேன்."

"அந்த வீட்ல பதினொரு பேர் எப்படி இருக்க முடியும்?"

"நெருக்கியடிச்சித்தான்."

அவர்கள் ஏறினார்கள். மீன் மேலேயிருந்து பாய்ந்து வந்தது. முதலில் வந்த முப்பிடாதியைக் குறிவைத்தது, அதற்குள் அவள் புருஷன் குறுக்கே வந்தான், அவனைக் குறிவைத்தது, அதற்குள் ஒரு பிள்ளை ஓடியது, பிள்ளையைத் துரத்தியது, அதற்குள் மின்விசிறி வந்தது, மாமியார் வந்தாள், செம்பருத்தி வந்தது. ஒரு பக்கம் திரும்பினால் மறுபக்கம் இரண்டு பேர் போனார்கள். கடைசி ஆள் ஏறி முடித்தபோது அது யாரையும் கடித்திருக்கவில்லை. இரண்டாம் மாடி உத்தரத்தை ஒட்டி, செவுள்கள் ஏறி இறங்க, சும்மா நின்றிருந்தது.

எங்களுக்கும் அதே கதிதான். அக்காவைத் திட்ட வாயைத் திறந்தால் மாமியார் வந்து உப்பு கேட்டாள். மாமியாரை முறைத்தால் கீழே பிள்ளைகள் என் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து வால்வுக்குக் காவல் இருந்தன, அதில் ஒன்று என்னிடமே பெருக்கல் கணக்கு கேட்டது. யாரைத் தனியாகப் பிடிப்பது? எந்த நேரத்தில்? சத்தமும் சாம்பிராணியும் கருவாட்டு வாசனையும் படியெல்லாம் இறங்கி வந்தன. எங்களில் ஒருவருக்கும் அவர்களைப் பிடிக்கவில்லை. அவர்களுக்கும் எங்களைப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் குப்பை கொட்டுவது நின்றது, நான் வால்வைத் தொடுவது நின்றது. மீன் உள்ளங்கை நீளத்துக்குச் சிறுத்துவிட்டது.

அப்போதுதான் வேதாசலம், ஹேமாவதி, சந்தானகிருஷ்ணன், நான் என்று நாலு பேரும் மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினோம்.

"உனக்குத்தான் மீன் பிடிக்கத் தெரியுமே, இதை ஒரு பையில போட்டு உன் கடைக்கே கொண்டு போயிரேன்" என்றாள் ஹேமாவதி.

இசக்கி வாசலில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஐந்து தழும்புகளும் வெளுத்திருந்தன. "பிடிக்கிறதுக்கு அரை நிமிஷம் ஆகாது" என்றாள். "மாட்டேன்."

"ஏன்?"

"அது போயிட்டா நீங்க அடுத்தாப்ல யாரைப் பாப்பீகன்னு எனக்குத் தெரியும்."

நாங்கள் அங்கேயே நின்றிருந்தோம். அப்போது கீழேயிருந்து யாரோ மெதுவாகப் படி ஏறி வருகிற சத்தம் கேட்டது. கோமளவல்லி. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் தலையணை. நீலப் புடவை கட்டியிருந்தாள். மீன் அவளுக்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. அவள் வேதாசலத்தின் தோளை உரசிக்கொண்டு எங்களைத் தாண்டினாள், இசக்கியின் எதிரே போய் நின்றாள்.

"பதினொண்ணு பன்னெண்டா ஆனா ரொம்பக் கஷ்டமா?" என்றாள்.

"கோமளா" என்றார் வேதாசலம். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் அந்தப் பெயரைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. "கோமளா, கீழ வா. எல்லாரும் பாக்கறாங்க. கோமளா!"

அவள் திரும்பவில்லை. இசக்கி அவளையும் தலையணையையும் பார்த்தாள். உள்ளே திரும்பி, "ஏட்டி உலகு, பாயைத் தள்ளிப் போடு" என்றாள்.

"எனக்கு எந்த மூலைம்மா?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"மூலை ஒண்ணும் மிச்சம் இல்லக்கா" என்றாள் இசக்கி. "நடுவுலதான் இருக்கு. வாங்க."